இடப்பக்கம் சாயும் முள்

அந்தக் கோடை விடுமுறையில் தயாமிக்கு ஒரே ஒரு வேலைதான். அப்பாவின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், பிஸ்கட் அளவில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் கடிகாரத்தில் இருப்பது போல மெல்லிய முள். முள் வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரி நிரம்புகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டரி காலியாகிறது.

"நான் ரோட்டைப் பாக்குறேன். நீ முள்ளைப் பாரு," என்று அப்பா ரிகோபெர்த்தோ சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தங்கள் ஊரான சான் செராபியோவைத் தாண்டும்போதே சாய்ந்துவிட்டது. கரும்பு வயல்கள் வந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

பின்சீட்டில் எவெலியோ மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஊரில் முடிவெட்டுகிறவர். பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கமாகுவே நகரத்து மருத்துவமனைக்கு அவர் போக வேண்டும். அங்கே ஓர் இயந்திரம் அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப அனுப்பும். அதற்கு நான்கு மணி நேரம் ஆகும்.

போன வருடம் புயலில் ரோடு அடைபட்டு ஒரே ஒரு முறை அவரால் போக முடியவில்லை. மறுநாள் அவர் கால்கள் ரொட்டி மாதிரி உப்பிவிட்டன. படுத்தால் மூச்சு வரவில்லை என்று ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். காலையில் தயாமி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளால் மறக்க முடியவில்லை.

"தயாமி, அதோ பாரு நம்ம கொக்கு," என்றார் எவெலியோ மாமா. "அதே மாடு. அதே முதுகு. டிக்கெட் எடுக்காமலே ஊர் சுத்துது."

"அப்புறம் பாக்குறேன் மாமா. முள் இருக்கு."

"முள் எங்கயும் ஓடிப் போகாதும்மா. கொக்குதான் பறந்துடும்."

தயாமி திரும்பவில்லை.

காருக்கு ஊரார் வைத்த பெயர் குண்டம்மா. பச்சை நிறம், அகலமான முதுகு, பெரிய உருண்டைக் கண்கள். தயாமியின் அப்பாவைவிட அதற்கு இருபது வயது அதிகம். கியர் ஒரு ரஷ்ய ஜீப்பிலிருந்து வந்தது. டைனமோ ஒரு டிராக்டரிலிருந்து வந்தது. பின்கதவின் கைப்பிடி ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்ததாம். கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும். "மெதுவா, மெதுவா. கழண்டு விழுந்தா நீங்கதான் மடியில வச்சுக்கிட்டு வரணும்," என்பார்.

ஒரு வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை ஊர் திரும்பியதும் அந்த டைனமோ புகைந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்புவது டைனமோதான். அப்பா அதைக் கழற்றி, எதிர்வீட்டு நெரெய்தாவிடம் கொடுத்தார். நெரெய்தா முன்பு சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவள். இப்போது வீட்டு முற்றத்திலேயே மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறாள். அப்பாவும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் இரண்டே நாளில் புதுக் கம்பி சுற்றித் தந்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளில்தான் தயாமி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். டைனமோவைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி துருப்பிடித்துக் கிடந்தது. அவள் அதைத் தேய்த்து, ரொட்டிக் கடைக் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்து, மூன்று முறை பூசினாள். முன்னும் பின்னும் பூசினாள். ஓட்டைகளுக்குள்ளும் பூசினாள். போல்ட்டுகளைக்கூட விடவில்லை. துணிக் கொடியில் தொங்கவிட்டுக் காய வைத்தாள்.

மஞ்சள்தான் கருணை மாதாவின் நிறம். எவெலியோ மாமாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று மாதாவுக்கு அவள் வேண்டிக்கொண்ட காணிக்கை அது. அப்பா அதைப் பார்த்துவிட்டு அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். மஞ்சள் பிடியை மாட்டி, புதுக் கம்பி சுற்றிய டைனமோவை அதில் பூட்டினார்.

அன்றிலிருந்துதான் முள் இடப்பக்கம் சாய்கிறது.

சனிக்கிழமை எப்படியோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திரும்பும்போதுதான் மழை பிடித்தது. அப்பா விளக்கைப் போட்டார். முள் இன்னும் இடப்பக்கம் படுத்தது. ஹாரன் அடித்தால் தவளை கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது என்ஜின் நின்றுவிட்டது.

எவெலியோ மாமா களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தார். இயந்திரத்திலிருந்து வந்த நாளில் அவருக்கு எப்போதும் குளிரும். தயாமி தன் சட்டைமேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். அப்பா மழையில் இறங்கி, அந்தப் பக்கம் வந்த ஒரு மாட்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டார். குண்டம்மா அன்று இரண்டு காளைகளுக்குப் பின்னால் ஊர் வந்து சேர்ந்தாள்.

"நூறு குதிரை சக்தின்னு சொல்லுவ. இன்னைக்கு ரெண்டு மாடு போதுமாயிருச்சே ரிகோ," என்றார் எவெலியோ மாமா, கண்ணைத் திறக்காமலே.

யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியைச் சோதித்தார். தயாமி பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், தொய்வு இல்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவினார். டைனமோவிலிருந்து வரும் தடிமனான ஒயரை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் முள் மட்டும் சரியில்லை.

"அப்போ டைனமோதான். அவ சுத்தின கம்பிதான்," என்றார் அப்பா.

டைனமோவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். தயாமியும் பின்னாலேயே ஓடினாள்.

நெரெய்தா டைனமோவை மேஜையில் இறுக்கி, ஒரு மோட்டாரால் சுழல விட்டாள். ஒரு பல்பிலிருந்து வந்த இரண்டு ஒயர்களில் ஒன்றை டைனமோவின் முனையில் மாட்டினாள். இன்னொன்றை டைனமோவின் உடம்பிலேயே கவ்வ விட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்துக்கோ ரிகோ. என் வேலையில என்ன குத்தம்?"

"உன் வீட்டுல எரியுது. என் வண்டியில எரியலையே."

"அப்போ குத்தம் உன் வண்டியில. நான் வந்து பாக்குறேன்."

"இருபது வருஷமா அந்த வண்டியை நான் ஓட்டுறேன். மாட்டத் தெரியாதவன்னு சொல்றியா?"

பேச்சு அப்படியே வளர்ந்தது. நாலாம் வகுப்பில் யார் யாருடைய பென்சிலை எடுத்தது என்பது வரை போனது. கடைசியில் நெரெய்தா பல்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாலையில் ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது, நெரெய்தா சுற்றும் கம்பி இப்போதெல்லாம் முன்புபோல் இல்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி அப்பா சொன்னார். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். தயாமிக்கு ரொட்டியைக் கையில் வாங்கவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை பேட்டரியை சார்ஜரில் போட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊர் முழுவதும் மின்சாரம் போய்விட்டது. இரவு வரை வரவில்லை. எவெலியோ மாமா நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது. தாகம் எடுத்தால் ஓர் ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொள்வார். அன்று அதுவும் இல்லை. வாசலில் உட்கார்ந்து எலுமிச்சைத் துண்டை முகர்ந்துகொண்டிருந்தார்.

"ஒரு தடவை போகலைன்னா பரவாயில்லை ரிகோ. வியாழக்கிழமை பாத்துக்கலாம்," என்றார்.

அப்பா ஊரில் கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டார். ஒரு வண்டிக்குப் பெட்ரோல் இல்லை. இன்னொன்றுக்கு டயர் இல்லை. எவெலியோ மாமாவின் கால்களைத் தயாமி பார்த்தாள். செருப்பின் வார் தோலில் அழுந்தியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, பாதி நிரம்பிய பேட்டரியோடு குண்டம்மா கிளம்பினாள். அப்பா விளக்கைப் போடவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. குறுக்கே வந்த ஆடுகளை ஜன்னல் வழியே தலையை நீட்டி "ஹோய், ஹோய்" என்று கத்தி விரட்டினார். கண்ணாடிக்குக் கீழே மாதாவின் சின்னப் படம், அதைச் சுற்றி ஒரு மஞ்சள் ரிப்பன். தயாமி படத்தைப் பார்த்தாள். பிறகு முள்ளைப் பார்த்தாள். மாதாவே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளேன் என்று உதட்டுக்குள் கேட்டுக்கொண்டாள்.

ரயில் பாதை வந்தது. குண்டம்மா தண்டவாளத்தின் மேல் ஏறிக் குலுங்கினாள். அப்போது முள் சட்டென்று வலப்பக்கம் துள்ளியது. ஒரே ஒரு கணம்தான். மறுபடி இடப்பக்கம் விழுந்துவிட்டது.

"அப்பா, முள் துள்ளுச்சு."

"குலுங்கினா எல்லாம் துள்ளும் கண்ணு. எனக்கே தலை கூரையில இடிச்சுது."

ஆனால் நகரத்துக்குள் நுழையும் முன் இன்னொரு தண்டவாளம் இருந்தது. அங்கேயும் முள் துள்ளியது. தயாமி யோசித்தாள். டைனமோ கெட்டிருந்தால் அது எப்போதும் தூங்கிக்கொண்டுதானே இருக்க வேண்டும்? உலுக்கினால் மட்டும் ஏன் விழித்துக்கொள்கிறது?

மருத்துவமனையில் எவெலியோ மாமா உள்ளே போகும் முன் எப்போதும் ஒரு வேலை செய்வார். தன் சவரப் பையைத் திறந்து, காத்திருக்கும் நோயாளிகளில் ஒருவருக்குச் சவரம் செய்துவிடுவார். காசு வாங்க மாட்டார். "சுத்தமான ரத்தம் ஏறும்போது மூஞ்சியும் சுத்தமா இருக்கணும்ல," என்பார். அன்று ஒரு மெலிந்த வாத்தியாருக்குச் சவரம் முடித்து, பையைத் தயாமியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அப்பா காருக்குப் போனார்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. தயாமி அதன் வழியே பார்த்தாள். எவெலியோ மாமா படுத்திருந்தார். கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. இரண்டும் சிவப்பாக இருந்தன.

திடீரென்று இயந்திரம் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மினுக்கியது. நர்ஸ் மகாலிஸ் வேகமாக வந்து எவெலியோ மாமாவின் கையை நீட்டி வைத்தாள். ஒரு குழாயை நிமிர்த்திவிட்டாள். சத்தம் நின்றது.

அவள் வெளியே வந்தபோது தயாமி கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஏதோ கொக்கு கதை சொல்றேன்னு கையை இறக்கை மாதிரி மடக்கிட்டார். குழாய் மடிஞ்சு போச்சு."

"ரெண்டு குழாய் இருக்கே அக்கா. ஒண்ணு மடிஞ்சா இன்னொண்ணு ஓடாதா?"

"ஓடாதும்மா. ஒண்ணு ரத்தம் போற வழி. இன்னொண்ணு திரும்பி வர்ற வழி. வர்ற வழி அடைஞ்சுபோனா போறதும் நின்னுடும். மெஷின் எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் சரி."

மகாலிஸ் போய்விட்டாள். தயாமி அங்கேயே நின்றாள்.

போகிற வழி. திரும்பி வருகிற வழி.

நெரெய்தாவின் மேஜையில் பல்புக்கு இரண்டு ஒயர்கள் இருந்தன. ஒன்று டைனமோவின் முனையில். இன்னொன்று டைனமோவின் உடம்பில். காரில் டைனமோவிலிருந்து ஒரே ஒரு ஒயர்தான் வருகிறது. அப்படியென்றால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும்? டைனமோவின் உடம்பு வழியாகத்தான். உடம்பிலிருந்து இரும்புப் பிடிக்கு. பிடியிலிருந்து என்ஜினுக்கு. இரும்பு இரும்பைத் தொட்டால்தான் வழி உண்டு.

நடுவில் இருப்பது மஞ்சள் பெயிண்ட். மூன்று பூச்சு. ஓட்டைக்குள்ளும். அது மின்சாரத்தை விடாது; கார் குலுங்கினால் மட்டும் எங்கேயோ இரும்பு இரும்பைத் தொட்டுவிடுகிறது.

தயாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாட்டு வண்டி, மழை, எவெலியோ மாமாவின் வீங்கிய கால், ரொட்டி வரிசையில் அப்பா சொன்ன வார்த்தை எல்லாம் ஒவ்வொன்றாக அவள் மேல் வந்து ஏறி உட்கார்ந்தன. இதெல்லாம் தன்னால்தானா? மாதாவுக்குக் கொடுத்த காணிக்கையாலா?

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பெயிண்ட் தானாகவே உரிந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னும் மூன்று மணி நேரத்தில் எவெலியோ மாமா குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார். நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். பேட்டரியில் எதுவும் இல்லை.

அவள் எழுந்து வெளியே நடந்தாள். பாதியிலிருந்து ஓடினாள்.

அப்பா காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைப் பிசைந்தபடி நின்றிருந்தார். செல்ஃப் போட்டுப் பார்த்தாராம். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்ததாம்.

"அப்பா, நெரெய்தா அத்தை மேல தப்பில்ல. என் மேலதான்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தண்டவாளம், பல்பின் இரண்டு ஒயர், மடங்கிய குழாய், கடைசியாகப் பெயிண்ட். சொல்லி முடித்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அந்த மஞ்சள் பிடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"பெயிண்ட் பூசினது நீ. மாட்டினது நான்," என்றார். "இருபது வருஷமா ஓட்டுறவன். எனக்குத் தோணலையே."

பிறகு டிக்கியிலிருந்து ஒரு நீளமான கேபிளை எடுத்தார். "நீ சொல்றது சரியான்னு முதல்ல பாத்துடுவோம். டைனமோ உடம்பையும் பேட்டரியோட மைனஸையும் இதால நேரா இணைச்சா, திரும்பி வர ஒரு வழி கிடைச்சிடும். ஆனா என்ஜின் ஓடணுமே. தள்ளினாத்தான் உண்டு."

எதிரே பேருந்து நிறுத்தத்தில் இருபது பேர் காத்திருந்தார்கள். தயாமி அவர்களிடம் போய், உள்ளே மாமா இருக்கிறார், அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகக் காரைத் தள்ள வேண்டும் என்றாள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு தடித்த அம்மாள் மட்டும் எல்லோரையும் நிறுத்தி, "இருங்க. கடைசி ஆளு யாரு?" என்று கேட்டாள். ஒரு கிழவர் கையைத் தூக்கினார். தனக்கு முன்னால் யார், தனக்குப் பின்னால் யார் என்று ஒவ்வொருவரும் உறுதி செய்துகொண்டார்கள். அதன் பிறகுதான் வரிசை கலைந்து காருக்கு வந்தது.

வேர்க்கடலை விற்பவர் தன் கூடையைத் தயாமியிடம் கொடுத்துவிட்டுத் தோளால் முட்டுக்கொடுத்தார். குண்டம்மா முனகினாள், உருண்டாள், இருமினாள். பிறகு உறுமத் தொடங்கினாள். தள்ளியவர்கள் கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போய், அதே வரிசையில் அதே இடத்தில் நின்றுகொண்டார்கள்.

"உள்ள உக்காரு. முள்ளைப் பாரு," என்றார் அப்பா.

தயாமி உட்கார்ந்தாள். முள் இடப்பக்கம் இருந்தது. திறந்த மூடிக்குப் பின்னால் அப்பா தெரியவில்லை. அவர் சுழலும் ஃபேனிலிருந்து தள்ளி நின்று, கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியில் கவ்வ வைக்கிறார் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது. இப்போது இன்னொரு முனை.

முள் நடுங்கியது. மெதுவாக எழுந்தது. நடுவைத் தாண்டியது. வலப்பக்கம் போய் நின்றது.

அது விழும் என்று தயாமி காத்திருந்தாள். அது விழவில்லை.

"அப்பா," என்றாள். அப்பா மூடிக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி, அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அப்படியே அரை மணி நேரம் என்ஜினை ஓட விட்டு, பேட்டரிக்குக் கொஞ்சம் தெம்பு ஏற்றினார்கள். பிறகு என்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, பிடியைக் கழற்றினார்கள். கேபிளை அப்படியே தொங்க விட்டு ஓட்ட முடியாது. ஃபேனில் சிக்கினால் போச்சு. பெயிண்டைத்தான் சுரண்ட வேண்டும். எதை வைத்துச் சுரண்டுவது?

தயாமி தன் தோளில் தொங்கிய சவரப் பையைப் பார்த்தாள். ஆனால் அது அவளுடையது இல்லை. மறுபடி உள்ளே ஓடி, நர்ஸ் மகாலிஸிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள். மகாலிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிலோடு வந்தாள்.

"பழைய பிளேடு மூணு இருக்காம், அதை எடுத்துக்கலாமாம். கத்தி மேல கை வச்சா, இனிமே உங்க அப்பாவுக்கு அரை மீசைதான் வைப்பாராம்."

அப்பா பிளேடைப் பிடித்தார். தயாமி இடத்தைக் காட்டினாள். டைனமோ வந்து உட்காரும் இடம், போல்ட்டின் தலை, ஓட்டையின் உட்புறம், என்ஜினைத் தொடும் முதுகுப்பக்கம். மஞ்சள் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. ஒவ்வொரு சுருள் விழும்போதும் தயாமி மனதுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பாதியில் அப்பா பிளேடைக் கீழே வைத்தார்.

"மத்த இடத்துல எல்லாம் மஞ்சள் இருக்கட்டும். தொடுற இடம் மட்டும்தான் வெறும் இரும்பா இருக்கணும். மாதா கோவிச்சுக்க மாட்டா."

எவெலியோ மாமா மகாலிஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, குண்டம்மா மூடியைச் சாத்திக்கொண்டு தயாராக நின்றாள். அப்பா செல்ஃப் போட்டார். முதல் முயற்சியிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. முள் வலப்பக்கம்.

மாமாவின் தோளில் ஸ்வெட்டரைப் போர்த்தும்போது, தயாமி அவரிடமும் உண்மையைச் சொன்னாள். அவர் தன் கையை நீட்டினார். "இங்க தொட்டுப் பாரு." ஊசி போடும் இடத்துக்கு மேலே, தோலுக்கு அடியில், ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலில் தெரிந்தது. பூனை உறுமுவது போல இருந்தது.

"ஓடுதா?"

"ஓடுது மாமா."

"அப்புறம் எதுக்கு அழற? ஸ்வெட்டர் நனையுது பாரு."

வழி முழுக்கத் தயாமி முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தண்டவாளத்தில் குலுங்கியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முள் அசையவில்லை.

ஊருக்கு வந்ததும் மாமாவை வீட்டில் விட்டுவிட்டு, அப்பா எதிர்வீட்டுக்கு முன்னால் நின்றார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். தயாமி தட்டினாள்.

நெரெய்தா வாயில் ஒரு செம்புக் கம்பியைக் கடித்துக்கொண்டு வந்தாள். தயாமிதான் முதலில் பேசினாள். பெயிண்டைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு அப்பா, தான் பேசியது தப்பு என்றார். அதைத் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நெரெய்தா தெருவைக் கடந்து போய்க் காரின் மூடியைத் திறந்தாள். மஞ்சள் பிடியையும், அதில் பளபளத்த வெறும் இரும்பையும் குனிந்து பார்த்தாள்.

"யாரு கண்டுபிடிச்சது? நீயா?"

தயாமி தலையாட்டினாள்.

"உங்க அப்பன் நாலாம் வகுப்புல என் பென்சிலை எடுத்துட்டு இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. நீ பரவாயில்ல." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட சொன்னது சரி. ரொட்டி வரிசையில சொன்னதை ரொட்டி வரிசையிலதான் திருப்பி வாங்கணும்."

மறுநாள் மாலை ரொட்டி வரிசையில் அப்பா தொண்டையைக் கனைத்தார். கம்பியில் குற்றமில்லை, தன் வாயில்தான் குற்றம் என்று கடைசி ஆள் வரை கேட்கும்படி சொன்னார். பென்சிலைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வரிசையே சிரித்தது. நெரெய்தா தன் ரொட்டியில் ஒன்றைத் தயாமியின் கையில் வைத்தாள். அதை வாங்க அவளுக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை குண்டம்மா கரும்பு வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். அப்பா ஆடுகளுக்கு ஹாரன் அடித்தார். அது ஆட்டைவிட நன்றாகக் கத்தியது. மாதாவின் மஞ்சள் ரிப்பன் காற்றில் ஆடியது. முள் வலப்பக்கம் சாய்ந்து, பிறகு பேட்டரி நிரம்பிவிட்டது போல மெல்ல நடுவுக்கு வந்து ஓய்வாக நின்றது.

தயாமி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். முழங்கையை வெளியே வைத்துக்கொண்டாள்.

"எங்க மாமா, அந்தக் கொக்கு?"